தண்ணீருக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்? 24 வீடு, ஒரு தரையடித் தொட்டி (சம்ப்)

வாசகர் கேள்வி, 3 மார்ச் 2024

"சென்னைக்காரன் பெட்ரோலுக்குக் காசு கொடுப்பான், தியேட்டர் பாப்கார்னுக்குக் கொடுப்பான், தண்ணீருக்கு மட்டும் கொடுக்க மாட்டான். அதனால்தான் இங்கே யாருக்கும் சிக்கனம் இல்லை. லிட்டருக்கு இவ்வளவு என்று விலை வைத்துப் பாருங்கள், ஒரே மாதத்தில் எல்லாரும் திருந்திவிடுவார்கள். மறுப்பவர்கள் மறுக்கலாம்."

3 மார்ச் 2024, இரவு

மறுக்கிறேன், முதல் பாதியை மட்டும். இரண்டாம் பாதி சரி என்றே எனக்கும் தோன்றுகிறது.

வேளச்சேரி தாண்டி 24 வீடுகள் உள்ள குடியிருப்பில் நான்தான் இந்த வருஷப் பொருளாளர். கூட்டத்துக்கு நடுவில் ஒரு போன் வந்தது, எழுந்து வெளியே போனேன். திரும்புவதற்குள் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கணக்கு என் கையில் இருப்பதால் சொல்கிறேன். லாரி ஒரு லோடு 12,000 லிட்டர், இப்போது 1,800 ரூபாய். லிட்டர் 15 பைசா. மாதம் 15 லோடு, ஆக 27,000. சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 1,125. குடிக்கக் கேன் தண்ணீர் தனி. 20 லிட்டர் 40 ரூபாய், அதாவது லிட்டர் 2 ரூபாய், லாரித் தண்ணீரைப் போல 13 மடங்கு. மாதம் 12 கேன் வாங்குகிற வீட்டுக்கு மொத்தம் ஏறக்குறைய 1,600 ரூபாய் ஆகிறது.

2019 ஜூனில் இதே லோடு 5,000. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நாள் காத்திருந்தோம். இவனா காசு கொடுக்க மாட்டான்?

4 மார்ச் 2024

பொருளாதாரக்காரர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பொருளுக்கு ஒருவர் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறாரோ அந்தத் தொகை. இங்கே சுருக்கமாக 'விருப்ப விலை' என்று எழுதுகிறேன், நல்ல சொல் யாருக்காவது தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஆரம்பித்து வைத்தவர் டுபுய் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், 1844. பாலம், சாலை போடுகிற உத்தியோகம். பாலத்தால் ஊருக்கு என்ன பயன் என்று எப்படி அளப்பது? வசூலான சுங்கத்தை எண்ணினால் போதாது, ஒவ்வொருவரும் எவ்வளவு வரை கொடுத்திருப்பார் என்று பார்க்க வேண்டும் என்றார். இரண்டு ரூபாய் கொடுக்கத் தயாராக வந்தவனிடம் ஒரு ரூபாய் வாங்கினால், மீதி ஒரு ரூபாயும் பாலம் தந்த பயன்தான். அது கல்லாவில் விழாமல் அவன் பையிலேயே இருக்கிறது.

இன்னொன்று. நைஜீரியாவில் ஒனிட்ஷா என்ற ஊர் பற்றிய ஆய்வு, 1991-ல் வந்தது. குழாய் அமைப்பை நடத்திப் பராமரிக்க ஆகும் செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அந்த ஊர் மக்கள் தண்ணீர் வியாபாரிகளிடம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். படித்தபோது நம் லாரிதான் கண்ணில் நின்றது.

10 மார்ச் 2024

சரி, எங்கள் குடியிருப்பிலேயே கேட்டுவிடுவோம் என்று ஒரு படிவம் அச்சடித்தேன். ஒரே கேள்வி: "குடிக்கிற தரத்தில், 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் வந்தால் மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள்?" நாளை வாங்கப் போகிறேன்.

13 மார்ச் 2024

கேவலம்.

ஐந்து பேர் பூஜ்யம் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலோர் ஐந்நூறுக்குள். இரண்டே பேர் ஆயிரம். இவர்கள் எல்லாரும் இன்று 1,600 கொடுத்துக்கொண்டிருப்பவர்கள்! இதைவிட நல்ல தண்ணீருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தர மாட்டார்களாம்.

பூஜ்யம் எழுதியவர்களில் ஒருவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். போய்க் கேட்டேன். "தண்ணி குடுக்கிறது அரசாங்கத்தோட வேலை சார். வரி கட்டுறோம்ல? இங்க நான் ஒரு தொகை எழுதினா நாளைக்கு அதுவே பில்லா வரும்." இந்தப் பூஜ்யத்தைத் தண்ணீரின் மதிப்பு என்று எடுத்துக்கொண்டால் நான் முட்டாள். அது ஒரு கண்டனம். ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பூஜ்யங்களைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்களாம்.

13 மார்ச் 2024, கொஞ்ச நேரம் கழித்து

என் தப்பும் இதில் இருக்கிறது. முதலில் அடித்த 12 படிவத்தில் கேள்விக்குக் கீழே 'உதாரணம்: ரூ. 200' என்று போட்டிருந்தேன். குறைவாகத் தெரிந்ததால் அடுத்த 12 படிவத்தில் 'உதாரணம்: ரூ. 600' என்று மாற்றினேன். இப்போது இரண்டு கட்டையும் பிரித்துக் கூட்டிப் பார்க்கிறேன். முதல் கட்டின் சராசரி 210. இரண்டாவது 480. கீழ் இரண்டு மாடிக்கும் மேல் இரண்டு மாடிக்கும் தண்ணீரின் மதிப்பு இவ்வளவு மாறுமா? முளைக்குச்சியை எங்கே அடித்தேனோ அந்த வட்டத்துக்குள்ளேயே மாடு மேய்ந்திருக்கிறது.

நான் தெரியாமல் செய்தேன். தெரிந்தே செய்கிறவர்களும் இருப்பார்கள்.

15 மார்ச் 2024

மேலே ஒருவர் "அப்போ இந்த மாதிரி சர்வே எல்லாமே குப்பையா?" என்று கேட்டிருக்கிறார். குப்பை இல்லை. 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியது. கெட்டுப்போன கடலோரத்துக்குச் சந்தை விலை எங்கே இருக்கிறது? மக்களைக் கேட்டுத்தான் மதிப்புப் போட்டார்கள். அந்த முறை செல்லுமா என்று பெரிய சண்டை வந்தது. கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ என்று நோபல் வாங்கிய இருவர் தலைமையில் அமெரிக்க அரசு குழு போட்டது, 1993-ல் அறிக்கை வந்தது. அவர்கள் சொன்னதில் எனக்கு உறைத்தது ஒன்று: 'எவ்வளவு கொடுப்பீர்கள்' என்று வெறுமனே கேட்காதே. ஒரு தொகையைச் சொல்லி, இதற்கு ஓட்டுப் போடுவாயா மாட்டாயா என்று கேள்.

நியாயம்தான். கத்திரிக்காய் வாங்கும்போது கிலோ நாற்பது என்றால் எடுக்கலாமா வேண்டாமா என்று நமக்குத் தெரியும். "நீங்களே ஒரு விலை சொல்லுங்க" என்று கடைக்காரர் சொன்னால் திருதிருவென்று முழிப்போம்.

7 ஏப்ரல் 2024

ஓட்டே நடத்திவிட்டோம். விஷயம் வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர்.

தெரியாதவர்களுக்கு: பழைய கட்டடத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர் போதாது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இரண்டு பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் தனித்தனியாகக் குழாய் இறங்குகிறது. வீட்டுக்கு மூன்று மீட்டர். கூலியும் சேர்த்து 6,500 ரூபாய் என்றார் பிளம்பர். கை தூக்கச் சொன்னேன். 19 பேர் ஆதரவு! பதினைந்து நாளில் காசோலை தரச் சொன்னேன்.

22 ஏப்ரல் 2024

வந்தது 9 காசோலை.

26 ஏப்ரல் 2024

கதை முடியவில்லை. மூன்றாம் மாடி மாமி ஒரு யோசனை சொன்னார். "பெயின்ட் அடிக்க ரெண்டு லட்சம் வெச்சிருக்கோமே, அதுலேருந்து எடுங்கோ. சுவர் இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்." மறுபடி கூட்டம். மொத்தச் செலவு 1,56,000. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது.

அதே 6,500 ரூபாய்தான், அவரவர் போட்ட பணம்தான். பர்ஸிலிருந்து எடுக்கும்போது கனத்தது, உண்டியலிலிருந்து எடுக்கும்போது கனக்கவில்லை. இப்போது எதை விருப்ப விலை என்று எழுதிக்கொள்வது, சொல்லுங்கள்.

1 ஜூன் 2024

மீட்டர் ஓடி ஒரு மாதம். முடிவை எழுதுகிறேன், கேள்வி கேட்டவர் சந்தோஷப்படுவார்.

மார்ச்: 15 லோடு. மே: 10 லோடு. மூன்றில் ஒரு பங்கு மிச்சம்!

காரணமும் தெளிவாகத் தெரிகிறது. சமமாகப் பிரித்த காலத்தில் நான் ஒரு லிட்டரை வீணாக்கினால் அந்த 15 பைசா 24 வீட்டுக்கும் பிரியும். என் தலையில் விழுவது ஒரு பைசாகூட இல்லை. குழாயை மூட எழுந்து போகும் அலுப்பு அதைவிடப் பெரிசு. இப்போது லிட்டருக்கு 10 பைசா அவரவர் கணக்கில். லாரியும் எங்கள் போரும் (ஆழ்துளைக் கிணறு) சேர்ந்த சராசரி அது. விலை வேலை செய்கிறது.

2 ஜூன் 2024

நேற்று எழுதியதைப் படிக்காதீர்கள். அழிக்காமல் விடுகிறேன், என் தலைக்கு ஒரு குட்டாக இருக்கட்டும்.

மே மாதம் பள்ளி விடுமுறை. ஏழு வீடு பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தது. மதுரையிலும் கும்பகோணத்திலும் குளித்தவர்களை எல்லாம் நான் சிக்கனக்காரர்களாக எண்ணிவிட்டேன்.

3 ஜூலை 2024

ஜூனில் எல்லாரும் வந்துவிட்டார்கள். 13 லோடு. ஆக இரண்டு லோடு மிச்சம், பரவாயில்லை என்று நினைத்தேன். அதையும் பிளம்பர் பிடுங்கிக்கொண்டார்.

மே ரீடிங்கில் ஒரு வீடு தனியாக நின்றது. மற்ற வீடுகள் மாதம் 10,000 லிட்டர் பக்கத்தில். இது 31,000. அதில் இருப்பது வயதான தம்பதி இரண்டே பேர். அவர் கொதித்துப்போய், "மீட்டர் தப்பு, நாங்க என்ன யானையா வளர்க்கிறோம்?" என்றார். பிளம்பர் பாத்ரூம் மீட்டரைப் பார்த்தார். எல்லாக் குழாயும் மூடியிருந்தது, சின்ன முள் மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபிளஷ் டேங்க் மூடியைத் திறந்து சொட்டு நீலம் நாலு சொட்டு விட்டார். யாரும் ஃபிளஷ் பண்ணவில்லை. ஐந்து நிமிஷத்தில் கீழே பீங்கானில் நீலக்கோடு இறங்கியது, சத்தமே இல்லாமல்.

நிமிஷத்துக்கு அரை லிட்டர் என்றார். நாளைக்கு 720. மாதம் 21,600 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு லோடு, 3,240 ரூபாய். எத்தனை மாதமாகவோ. நாங்கள் 24 பேரும் ஆளுக்கு 135 ரூபாய் மாதாமாதம் அந்த ஃபிளஷ் டேங்குக்குக் கட்டிக்கொண்டிருந்தோம். ரப்பர் வாஷர் விலை ஒரு டீ, ஒரு வடை.

இப்போது கணக்கு: 15 போய் 13 ஆனதில் இரண்டு லோடும் அந்த வாஷருடையது. விலையால் மிச்சமானது? பூஜ்யம்.

5 ஜூலை 2024

"அப்போ மீட்டர் வேண்டாமா?" என்று ஒருவர். மீட்டர் இல்லாமல் அந்த நீலக்கோட்டை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் சார்? மீட்டர் முதலில் கண்ணாக வேலை செய்தது, அப்புறம்தான் கல்லாப்பெட்டியாக.

அமெரிக்க அடுக்குமாடிகளில் 2004-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்த இடங்களில் 15.3 சதவீதம் குறைந்தது. மீட்டர் இல்லாமல் ஆள் கணக்கு, சதுர அடி கணக்கு என்று சூத்திரம் போட்டுப் பில்லைப் பிரித்த இடங்களில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் குறையவில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று தண்ணீர்ப் பணம் வசூலிக்கும் மேற்கு மாம்பலம், பெருங்குடி, போரூர் அசோசியேஷன் செயலாளர்கள் கவனிக்க.

18 ஜூலை 2024

கார் விவகாரம். முதல் மாடிக்காரர் ஒருவர் காரை வாளித் தண்ணீரில் துடைப்பார். மீட்டர் வந்த பிறகு ஹோஸ் பிடிக்கிறார், தினமும். மாமி கேட்டதற்கு, "என் மீட்டர்ல ஓடுது, நான் காசு குடுக்கிறேன்" என்றாராம்.

100 லிட்டர் போனால் என் விலையில் பத்து ரூபாய். பத்து ரூபாய்க்குப் பளபளவென்று கார். விட்டுவிடுவாரா? முன்பு அவரைத் தடுத்தது காசு இல்லை, பால்கனியில் நின்ற மாமியின் பார்வை. அந்தப் பார்வையை நான் பத்து ரூபாய்க்கு விற்றுவிட்டேன்.

இதே மாதிரி இஸ்ரேலில் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில் நடந்திருக்கிறது, ஆய்வு 2000-ல் வெளிவந்தது. பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். தாமதம் கூடியது! டீச்சர் முகத்தைப் பார்க்கக் கூசியவர்கள் எல்லாம், காசு கட்டுகிறோமே என்று நிம்மதியாக வர ஆரம்பித்தார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இது நான் படித்ததிலேயே பயங்கரமான வரி.

4 ஆகஸ்ட் 2024

தரைத்தளத்து அக்கா வந்தார். வாடகை வீடு, ஆறு பேர், மாமனார் படுக்கையில். முன்பு 1,125 கட்டியவருக்கு இப்போது 1,500.

"சார், நாங்க ஆறு பேர். ஆளுக்குன்னு கணக்குப் போட்டுப் பாருங்க, எங்க வீட்லதான் கம்மி."

போட்டுப் பார்த்தேன். மாதம் 15,000 லிட்டர், ஒருவருக்கு நாளைக்கு 83. என் வீட்டில் மூன்று பேர், 12,000 லிட்டர், ஒருவருக்கு 133. படுக்கைத் துணியைத் தினமும் துவைக்கிற வீடு 83-ல் முடிக்கிறது. நான் இங்கே சிக்கனம் பற்றி ஐந்து மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டுபுய் கணக்கில் ஒரு ஓட்டை இங்கே இருக்கிறது. கார் கழுவ நூறு லிட்டருக்கு முதல் மாடிக்காரர் ஐம்பது ரூபாய்கூடக் கொடுப்பார். துணி துவைக்க அதே நூறு லிட்டருக்கு அக்காவால் பதினைந்து கொடுக்க முடிந்தால் அதிகம். அந்தக் கணக்குப்படி தண்ணீர் காருக்குத்தான் போக வேண்டும். யாருக்குத் தேவை என்று அந்த எண் சொல்லவே இல்லை, யாரிடம் இருக்கிறது என்பதும் அதற்குள் கலந்துவிடுகிறது.

11 ஆகஸ்ட் 2024

இரண்டு தப்பையும் சேர்த்துத் திருத்தினேன்.

ஒன்று, 10 பைசா என்ற சராசரி விலை. போர் தரும் தண்ணீர் எவ்வளவோ அவ்வளவுதான். அதற்கு மேல் செலவாகும் ஒவ்வொரு லிட்டரும் லாரியில்தான் வருகிறது. அப்படியானால் கூடுதல் லிட்டரின் விலை 15 பைசா. இரண்டு, தலைக்கணக்கு இல்லாதது.

புது முறை: வீட்டுக்கு 250 நிலையான தொகை. ஆளுக்கு மாதம் 2,500 லிட்டர் வரை 5 பைசா. அதற்கு மேல் 15. அக்காவுக்கு 1,000 வருகிறது. எனக்கு 1,200-லிருந்து 1,300. ஆளுக்கு எவ்வளவு என்று பார்க்காத படிவிலை கூட்டுக்குடும்பத்தைத்தான் அடிக்கும். மின்சாரக் கட்டணத்தில் பார்த்திருப்பீர்கள், இணைப்புக்கு இத்தனை யூனிட் இலவசம், உள்ளே இரண்டு பேரா எட்டுப் பேரா என்று யாரும் கேட்பதில்லை. விலை கூடிய மேல் படிக்கு ஏறும் பில் எட்டுப் பேர் வீட்டுக்குத்தான் சீக்கிரம் வரும்.

"குடும்பத்தில் எத்தனை பேர் என்று பொய் சொன்னால்?" என்று கேட்காதீர்கள். மாமி இருக்கிறார்.

1 செப்டம்பர் 2024

12 லோடு. கொண்டாட மாட்டேன். போர் மோட்டாருக்கும் ஒரு மீட்டர் வைத்து இரண்டு மாதம் பார்த்த பிறகு பேசுகிறேன்.

என் வீட்டு 133-ன் மர்மத்தில் ஒரு பகுதி பிடிபட்டது. ஆர்.ஓ. சுத்திகரிப்பான் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க மூன்று லிட்டரைச் சாக்கடைக்குத் தள்ளுகிறது. குடிக்க, சமைக்க நாளைக்கு 15 லிட்டர் எடுக்கிறோம், 45 லிட்டர் போகிறது. மாதம் 1,350. கேன் வாங்குவதை நிறுத்திவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தக் கேன் எல்லாம் சிங்குக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கழிவுக்குழாயை வாளியில் விட்டிருக்கிறேன், வீடு துடைக்க. உப்புக்கறை படிகிறது என்று வீட்டில் திட்டு.

27 அக்டோபர் 2024

மழை. சம்ப் நிரம்பி வழிகிறது, போர் பழைய ஜோரில் இருக்கிறது. லாரி இந்த வாரம் பூஜ்யம். இப்போது கூடுதல் லிட்டருக்கு ஆகும் செலவு மோட்டார் கரண்ட் மட்டும். 15 பைசா வாங்குவது அநியாயம் என்று வாட்ஸ்அப்பில் கூச்சல். எல்லாருக்கும் 5 பைசா ஆக்கினேன்.

சென்னை பற்றி 2010-ல் வீணா ஸ்ரீனிவாசனும் அவருடைய குழுவும் எழுதிய ஆய்வை இந்த மழையில்தான் முழுதாகப் படித்தேன். கடல்நீரைக் குடிநீராக்குவது, கசிவை அடைத்துக் கட்டணத்தைச் சீர்படுத்துவது, மழைநீரை நிலத்துக்குள் இறக்குவது, மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பின்னவை இரண்டும் சேர்ந்தால் மேல் என்கிறார்கள். நம் வீட்டுக் கிணறும் போரும்தான் யாரும் கணக்கில் எழுதாத ஏரி, அது வற்றும் வருஷம்தான் ஊரே லாரிக்கு ஓடுகிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர் நிலையம் 2010-ல் வந்தது, நெம்மேலி 2013, அதன் இரண்டாவது ஆலை இந்த பிப்ரவரியில், நாளைக்கு 15 கோடி லிட்டர். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. 2003-ல் கட்டாயமாக்கிய மழைநீர்க் குழி எங்கள் வாசலிலும் இருக்கிறது. நேற்று மூடியைத் தூக்கினேன். கிரிக்கெட் பந்து மூன்று, ஒரு செருப்பு, மீதி மண்.

சுத்தம் பண்ண 2,400 ரூபாய். இதற்கு ஓட்டு நடத்தவில்லை, பெயின்ட் நிதி.

8 டிசம்பர் 2024

நவம்பரில் 5 பைசா விலை. மொத்தத் தண்ணீர்ப் பயன்பாடு பத்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. விலை ஒன்றும் செய்யவில்லை என்று ஜூலையில் எழுதினேன் அல்லவா, அதைக் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஏற்றும்போது மெதுவாகத்தான் தெரிந்தது, இறக்கினதும் உடனே தெரிகிறது. இல்லை, மழையில் துணி காயாமல் திரும்பத் திரும்பத் துவைத்தார்களா? எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதம், 24 வீடு. இதை வைத்துக்கொண்டு ஊருக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறவர் யாராவது இருந்தால் என்னிடம் அனுப்புங்கள், படிவத்தைக் காட்டுகிறேன்.

கேள்வி கேட்டவரை மார்ச்சுக்கு அப்புறம் காணவே இல்லை.

2 பிப்ரவரி 2025

போர் இறங்க ஆரம்பித்துவிட்டது. நேற்று முதல் லோடு. டிரைவர் அண்ணன், "என்ன சார், நாலு மாசமா ஆளையே காணோம், தண்ணி குடிக்கிறதை விட்டுட்டீங்களா?" என்றார். லோடு 2,000 ஆகிவிட்டதாம். பேசி 1,900. சம்புக்குள் ஹோஸ் இறக்கிவிட்டு, கடைசியில் தொட்டியில் தேங்கிய நாலு குடத்தை வாசல் வேப்பமரத்துக்குத் திறந்துவிட்டார். எப்போதும் அப்படித்தான் செய்வார், அதற்குக் கணக்கு இல்லை.

மறுபடி 15 பைசா என்று ஒட்டியிருக்கிறேன். நாளை ரீடிங். மாமி நோட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், போன மாதம் முதல் மாடிக் கூட்டலில் 400 லிட்டர் விட்டுப்போயிற்றாம். கார்க்காரர் மீட்டர்.